மல்டிடூல் எடுத்துட்டுப் போலாமா, வேணாமா? டிரெக்கிங் பேக்கில் ஒரு 241 கிராம் கணக்கு

செமஸ்டர் எக்ஸாம் முடியற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு டிரெக்கிங் குரூப் முளைக்கும். டேட் மூணு தடவை மாறும். ‘கண்டிப்பா வரேன்’னு சொன்ன பத்துப் பேர் ஆறு பேர் ஆவாங்க. கடைசியில் பேக்கிங் லிஸ்ட் வரும்போது யாராவது ஒருத்தர் கேப்பாங்க: “மச்சி, மல்டிடூல் ஒண்ணு வாங்கணுமா?”

ஒரு பக்கம், “அது இல்லாம காட்டுக்குப் போறதா?”ன்னு ஒரு குரூப். இன்னொரு பக்கம், “இரும்பைத் தூக்கிட்டு மலை ஏறணுமா?”ன்னு ஒரு குரூப். ரெண்டு பேரும் கணக்கு எதுவும் போடாமதான் பேசறாங்க. நாம இன்ஜினியரிங் படிக்கறோம், போட்டுப் பாத்துடலாம். எடைக் கணக்கு கொஞ்சம், ரிஸ்க் கணக்கு கொஞ்சம், பலருக்கும் தெரியாத சட்டம் கொஞ்சம்.

முதல்ல, மல்டிடூல்னா எது?

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, கத்தியை மையமா வச்சது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1897-ல் பதிவு செஞ்ச ஆபீசர் கத்திதான் இதுக்குத் தாத்தா. இன்னிக்கு விக்டோரினாக்ஸ்னு நாம வாங்கற சிவப்புக் கத்தி அந்தப் பரம்பரை.

இன்னொண்ணு, கட்டிங் பிளேயரை மையமா வச்சது. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975-ல் ஒரு பழைய ஃபியட் 600 காரில் ஐரோப்பா சுத்தினார். கார் அடிக்கடி மக்கர் பண்ணும், தங்கின லாட்ஜில் குழாய் ஒழுகும். பாக்கெட்டில் கத்தி இருந்தது, பிளேயர் இல்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பிளேயர் மல்டிடூல். வடிவமைச்சு, காப்புரிமை வாங்கி, கம்பெனி ஆரம்பிக்க 1983 ஆயிடுச்சு.

இந்தக் கதையில் ஒரு விஷயம் கவனிங்க. பிளேயர் மல்டிடூல் பிறந்தது காருக்கும் குழாய்க்கும். மலை ஏற்றம் அதோட டிசைன் லிஸ்டிலேயே இல்லை. அதனால ‘மல்டிடூல் வேணுமா?’ங்கற கேள்வியை ‘போற இடத்தில் எனக்குப் பிளேயர் தேவைப்படுமா?’ன்னு மாத்திக் கேளுங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீந்துடும்.

பல வேலைக்கு ஒரே கருவிங்கறது நம்ம ஏரியாவுக்குப் புதுசும் கிடையாது. 1863 மே 30 அன்னிக்கு, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் செம்மண் சரளைக்கு நடுவே ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுக்குக் கிடைச்ச முதல் சான்று அதுதான். கைக்கோடரின்னு சொல்ற வகைக் கருவி வெட்ட, தோண்ட, தோல் சுரண்ட, எலும்பு உடைக்க எல்லாத்துக்கும் ஆகும். பல்லாவரம் ஸ்டேஷனைத் தினமும் தாண்டிக் காலேஜ் வர்றவங்க ஒரு தடவை எழும்பூர் மியூசியம் போய் ஃபூட் சேகரிச்ச கற்களைப் பாருங்க. அதைச் செஞ்சவங்க, நல்ல கல் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சு வச்சிருந்தாங்க. எல்லாத்தையும் சுமந்துக்கிட்டே திரியணும்கற அவசியம் அவங்களுக்கு இல்லை. இந்தப் பாயிண்ட் பின்னாடி தேவைப்படும்.

எடை: பயப்படற அளவுக்கு இருக்கா?

லெதர்மேன் வேவ் பிளஸ் மாடல் 241 கிராம். அதே கம்பெனியின் ஸ்கெலிடூல் 142 கிராம். விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்.டி. சுமார் 21 கிராம்.

பெரியதையே எடுத்துக்குவோம். அதை 1000 மீட்டர் உயரம் தூக்கணும்னா செய்ய வேண்டிய வேலை: 0.241 × 9.8 × 1000 = சுமார் 2360 ஜூல். நம்ம தசை 100-க்கு 25 எஃபிஷியன்சின்னு வச்சா உடம்பு செலவழிக்கறது 9.4 கிலோ ஜூல். அதாவது 2.3 கிலோ கலோரி. ஒரு பார்லே-ஜி பிஸ்கட்டில் சுமார் 20 கிலோ கலோரி இருக்கு. பிஸ்கட்டைப் பத்தா உடைச்சு ஒரு துண்டு சாப்பிட்டாலே மல்டிடூல் மலை ஏறிடும். சமதளத்தில் நடக்கற செலவைச் சேத்தாலும் முழு பிஸ்கட்டைத் தாண்டாது.

அப்போ எடை ஒரு பிரச்சனையே இல்லையா? தனியா பாத்தா இல்லை. ஆனா பேக்கில் அது தனியா போறதில்லை. ‘ஒருவேளை தேவைப்பட்டா’ன்னு வைக்கற பொருள் எல்லாத்துக்கும் இதே நியாயத்தைச் சொல்லலாம். பெரிய பவர் பேங்க், எக்ஸ்ட்ரா ஜீன்ஸ், ப்ளூடூத் ஸ்பீக்கர், குடை... இந்த மாதிரி பத்துப் பொருள் சேந்தா ரெண்டரை கிலோ. முட்டி வலிக்கறது அப்பதான்.

அதனால எடையைக் கலோரியில் அளக்காம தண்ணியில் அளங்க. 241 கிராம்னா கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணி. நம்ம ஊர் வெயிலில் ஒரு பொருள் பேக்குக்குள்ள வரணும்னா, அந்தக் கால் லிட்டரை விட அது எனக்கு உபயோகமான்னு கேக்கணும்.

ரிஸ்க் கணக்கு: எஃப்.எம்.இ.ஏ. போடலாம்

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் மக்களுக்கு எஃப்.எம்.இ.ஏ. தெரிஞ்சிருக்கும். எது எது கெட்டுப் போகலாம்னு பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவுன்னு 10-க்கு மார்க் போட்டுப் பெருக்குவோம். மூணாவதா கண்டுபிடிக்கற கஷ்டத்துக்கு மார்க் வரும். நம்ம தேவைக்கு அந்த மூணாவதை மட்டும் மாத்திக்கலாம்: ‘இதைச் சரிபண்றதில் மல்டிடூலோட பங்கு எவ்வளவு?’ன்னு 0 முதல் 10 வரை. பதில் பெருசா வந்தா மல்டிடூலுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம்.

கைடோட போற ஒருநாள் டிரெக்குக்கு நான் போட்ட மார்க் இது. உங்க அனுபவத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

– முள் குத்தறது: 3 × 6 × 5 = 90
– காலில் கொப்புளம்: 5 × 8 × 2 = 80
– பேக் ஜிப் மக்கர்: 2 × 4 × 7 = 56
– ஷூ சோல் கழண்டுக்கறது: 7 × 4 × 1 = 28
– ஸ்டவ் அடைப்பு: ஸ்டவ்வே கிடையாது, 0
– வெயில், தண்ணி பத்தாம மயக்கம்: 9 × 6 × 0 = 0

கடைசி வரியைப் பாருங்க. அந்த நாளில் நடக்கக்கூடிய மோசமான விஷயம் அதுதான். அதுக்கு மல்டிடூலால் செய்ய முடிஞ்சது பூஜ்யம்.

மேல இருக்கற ரெண்டு வரியைப் பாருங்க. முள் எடுக்க ட்வீசர், பிளாஸ்டர் வெட்டக் கத்தரிக்கோல், அவ்வளவுதான். ரெண்டும் அந்த 21 கிராம் குட்டிக் கத்தியிலேயே இருக்கு. பிளேயருக்கு உண்மையான வேலைன்னா ஷூ அடியில் ஆழமா ஏறின சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கறதும், ஜிப்பும்தான்.

ஜிப் பத்தி ஒரு டிப். ஜிப் இழுத்தும் பல் சேராம திறந்துக்கிட்டே வந்தா பெரும்பாலும் பல்லில் தப்பு இருக்காது. ஸ்லைடர் தேஞ்சு வாய் அகலமாகி இருக்கும். பிளேயரால் ஸ்லைடரோட ரெண்டு ஓரத்தையும் மெதுவா, ரொம்ப மெதுவா அழுத்தினா மறுபடி பிடிக்கும். வேகமா அழுத்தினா உடைஞ்சிடும்.

இப்போ அதே பட்டியலை, சொந்தமா டென்ட் போட்டு, சொந்தமா சமைச்சு, அஞ்சு நாள் இமயமலையில் நடக்கற ஒருத்தருக்குப் போடுங்க. டென்ட் ஜிப் மூடலைன்னா ராத்திரிக் குளிர் உள்ள வரும்: 6 × 4 × 7 = 168. ஸ்டவ் அடைச்சா சோறும் இல்லை, பனியை உருக்கித் தண்ணியும் இல்லை: 7 × 3 × 6 = 126. சூடான பாத்திரத்தை இறக்கவும் பிளேயர்தான் இடுக்கி. இங்க பதில் தெளிவா மாறுது. கருவி அதேதான், போற விதம்தான் வேற.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தப் பகுதியை மட்டும் குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணுங்க.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972. அதோட 31-வது பிரிவு, எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாம யாரும் ஆயுதத்தோட சரணாலயத்துக்குள்ள நுழையக் கூடாதுன்னு சொல்லுது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். ‘ஆயுதம்’னா என்னன்னு 2-வது பிரிவில் விளக்கம் இருக்கு. துப்பாக்கி, வில் அம்பு, கண்ணி, விஷம்னு போற அந்தப் பட்டியலில் கத்தியும் இருக்கு. எத்தனை இன்ச்சுக்கு மேலன்னு அளவு எதுவும் அங்க சொல்லலை.

சில பேர் ஆயுதச் சட்டத்தைச் சொல்லுவாங்க: “9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருந்தாதானே பிரச்சனை?” அந்த அளவு வாள், குத்துவாள் மாதிரி ஆயுதங்களுக்கான லைசன்ஸ் விதியில் வர்றது. மல்டிடூல் பிளேடு அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, அதனால அந்த விதியில் சிக்காது, சரி. ஆனா சரணாலயத்துக்கு வேற சட்டம். ஆனைமலை, முதுமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை மாதிரி புலிகள் காப்பகங்களுக்குள்ள போற பாதைன்னா இதை மனசில் வச்சுக்கோங்க.

நகவெட்டியில் இருக்கற குட்டி பிளேடுக்காக யாராவது கேஸ் போடுவாங்களான்னு கேட்டா, அந்த விவாதத்தை செக்போஸ்டில் வச்சுக்கற இடத்தில் நீங்க இருக்க வேணாம். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஆறு பேரும் உங்களால் வாசலில் நிக்கறது நல்லா இருக்காது. புக் பண்ணும்போதே கேட்டுடுங்க. இல்ல, உள்ள போறதுக்கு முன்னாடி கைடு அண்ணன்கிட்ட காட்டி, “இதை வச்சுக்கலாமாண்ணா?”ன்னு கேளுங்க. வேணாம்னா வண்டியிலேயே வச்சுட்டுப் போங்க.

மீனம்பாக்கத்திலிருந்து ஃப்ளைட்னா கேபின் பேக்கில் வைக்கவே வைக்காதீங்க, செக்-இன் பேக்கேஜில் போடுங்க. செக்யூரிட்டியில் எடுத்தாங்கன்னா திரும்பி வராது. ராத்திரி பஸ், ரயில்னா பேன்ட் பாக்கெட்டில் வேணாம், பேக்கின் அடியில் இருக்கட்டும். விசாரிச்சா ஷூவையும் டிரெக்கிங் புக்கிங்கையும் காட்டறது சுலபம். தனியா ஒரு கத்தியை விளக்கறது சுலபமில்லை.

“ஆனா 127 ஹவர்ஸ் பாத்தியா?”

இந்தக் கேள்வி எப்பவும் வரும். ரஹ்மான் இசையமைச்ச படம், நம்மள்ல பல பேர் பாத்திருப்போம். ஆரன் ரால்ஸ்டன் 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகலான பாறைப் பிளவுக்குள்ள தனியா இறங்கினார். உருண்டு வந்த ஒரு பாறை வலது கையை நசுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அஞ்சு நாளுக்கு மேல சிக்கியிருந்து, கடைசியில் மலிவான ஒரு மல்டிடூலால் தன் கையையே அறுத்துக்கிட்டு வெளிய வந்தார்.

“பாத்தியா, மல்டிடூல்தானே உயிரைக் காப்பாத்துச்சு?” ஆமா, காப்பாத்துச்சு. ஆனா அவர் அஞ்சு நாள் அங்க கிடக்கக் காரணம் என்ன? எங்க போறேன்னு யார்கிட்டயும் சொல்லாம போனார். அதனால எங்க தேடணும்னு யாருக்கும் தெரியலை. ‘இந்த இடத்துக்குப் போறேன், இத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா ஆள் அனுப்பு’ன்னு ஒரு மெசேஜ் போட எடை பூஜ்யம் கிராம்.

நம்ம ஊரில் இதைவிடக் கிட்ட ஒரு பாடம் இருக்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீ. சென்னையிலிருந்து போனவங்க உட்பட 20-க்கும் மேற்பட்டவங்க உயிர் போச்சு. அந்த நாளைக் கருவிப் பட்டியலா மாத்திப் பேசறது சரியில்லை. ஆனா காய்ஞ்ச மாசத்தில் போகாம இருக்கறது, முறையான அனுமதியோட போறது, பாதை தெரிஞ்ச கைடு கூட இருக்கறது, இதெல்லாம் பேக்கிங் லிஸ்ட்டுக்கு முன்னாடி வர வேண்டியதுன்னு அது சொல்லுது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் ஆரம்பிச்ச ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் ஆரம்பத்தில் 40 பாதைகள் இருந்துச்சு. காட்டோரமே வாழற உள்ளூர் ஆட்கள்தான் கைடா வர்றாங்க. மேல சொன்ன பல்லாவரம் கதை இங்கதான் பொருந்துது. எந்தச் செடியைத் தொடக் கூடாது, தண்ணி எங்க இருக்கும், யானை எந்தப் பக்கம் நடமாடுதுன்னு தெரிஞ்ச ஒருத்தர் முன்னாடி நடக்கறப்ப, உங்க பேக்கில் இருக்கற பல பொருளுக்கு வேலையே இல்லாம போயிடும்.

மல்டிடூல் இல்லாம என்ன எடுத்துட்டுப் போறது?

வீட்டிலேயே கிடைக்கற பொருளை வச்சு 100 கிராமுக்குள்ள ஒரு ரிப்பேர் டப்பா தயார் பண்ணலாம்.

ஊக்கு நாலு. அறுந்த ஸ்ட்ராப், கிழிஞ்ச பேன்ட், முள் எடுக்கறது எல்லாத்துக்கும் அம்மாவோட மல்டிடூல் இதுதான். முள் எடுக்கறதுக்கு முன்னாடி நுனியை சானிடைசரில் துடைங்க.

டக்ட் டேப் ஒரு மீட்டர். ரோலா வேணாம், பேனாவைச் சுத்தியோ தண்ணி பாட்டிலைச் சுத்தியோ ஒட்டிக்கோங்க. சோல் கழண்டா ஷூவைச் சுத்தி நாலு சுத்து, இறங்கி வர்ற வரைக்கும் தாங்கும்.

கோணி ஊசி ஒண்ணு, கெட்டி நைலான் நூல் கொஞ்சம். பேக் பட்டை பிஞ்சா டேப்பை விட இதுதான் நிக்கும்.

கேபிள் டை அஞ்சாறு. லேபில் கேட்டாலே கிடைக்கும். உடைஞ்ச பக்கிளுக்குப் பதில்.

சின்ன ட்வீசர், மழுங்கின முனைக் கத்தரிக்கோல் ஒண்ணு. இது ஃபர்ஸ்ட் எய்ட் டப்பாவில் எப்படியும் இருக்கணும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கு அப்புறம் போறீங்கன்னா அட்டை ஏறும். அதுக்கு ட்வீசர், பிளேயர் எதையும் எடுக்காதீங்க. பிடிச்சு இழுத்தா காயம் பெருசாகும். நகத்தை அட்டையின் வாய்க்கு அடியில் ஓட்டி வழிச்சு விடுங்க, விட்டுடும்.

சோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நிறைய ஷூவில் நடு அடுக்கு பாலியூரித்தேன். ஈரக் காத்தில் அந்தப் பாலிமர் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமா உடையும். ஹைட்ராலிசிஸ்னு கெமிஸ்ட்ரியில் படிச்ச அதேதான். சூடு அதை வேகப்படுத்தும். சூடும் ஈரமும் சென்னையில் கேக்கவே வேணாம். ரெண்டு மூணு வருஷம் ஷூ ராக்கில் சும்மா இருந்த ஷூ வெளிய புதுசா தெரியும், மலையில் முதல் மணி நேரத்தில் சோல் பிஸ்கட் மாதிரி உதிரும். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எடுத்து, காலேஜுக்குப் போட்டு நடந்து பாருங்க. உதிரணும்னா ஜிஎஸ்டி ரோட்டில் உதிரட்டும்.

வாங்கியே தீருவேன்னா...

வாங்குங்க, தப்பில்லை. ஹாஸ்டலில், லேபில், பைக்கில் அதுக்கு ஆயிரம் வேலை இருக்கு. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய டூல்ஸ் கிடைக்கும். ஆனா கையில் எடுத்துச் சோதிக்காம காசு கொடுக்காதீங்க.

பிளேயர் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, முனை ரெண்டும் ஒட்டி நிக்கணும். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடினா வேணாம். பிளேடைத் திறந்ததும் லாக் விழணும். லாக் இல்லாத பிளேடு அழுத்தும்போது மடங்கி விரலைப் பதம் பாக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனை கூர்மையான ஓரத்தோட இருக்கணும். ரொம்ப மலிவான சிலது இரும்பு மாதிரி தெரிஞ்சாலும் துத்தநாகக் கலவையில் வார்த்ததா இருக்கும். கொஞ்சம் முறுக்கினாலே உடையும்.

கடல் காத்து அடிக்கற ஊர், துரு சீக்கிரம் பிடிக்கும். உபயோகிச்சதும் துடைச்சு, கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேணாம், நாளாக நாளாகப் பிசுக்காகி அழுக்கைப் பிடிச்சுக்கும்.

நாலு பயணம், நாலு பதில்

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிப் போய், கைடோட ஒருநாள் டிரெக்: மல்டிடூல் வேணாம். ரிப்பேர் டப்பா போதும். மிச்ச எடைக்குத் தண்ணி.

வெள்ளியங்கிரி ராத்திரி ஏற்றம்: வேணாம். மூங்கில் கம்பு, டார்ச், அதுக்கு எக்ஸ்ட்ரா பேட்டரி, தண்ணி. மூச்சு வாங்கினா உக்காரப் பொறுமை.

சமையல், டென்ட் எல்லாம் அவங்களே பாத்துக்கற இமயமலை டிரெக்: கத்தரிக்கோலும் ட்வீசரும் இருக்கற 21 கிராம் குட்டிக் கத்தி தாராளம். அதுவும் பாதை எந்தப் பகுதிக்குள்ள போகுதுன்னு கேட்டுட்டு.

எல்லாத்தையும் சொந்தமா சுமந்துக்கிட்டு, அனுமதியோட பல நாள் நடக்கறது: எடுத்துட்டுப் போங்க. ஆனா ஆறு பேருக்கு ஆறு வேணாம். குரூப்புக்கு ஒண்ணு, அது யார் பேக்கில் எந்த அறையில் இருக்குன்னு ஆறு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

தமிழ்நாட்டுக் காட்டுக்குள்ள முறையான அனுமதியோட போற பயணத்தில் பெரும்பாலானது முதல் ரெண்டு வகைதான். அதனால அடுத்த தடவை குரூப்பில் “மல்டிடூல் வாங்கணுமா மச்சி?”ன்னு கேள்வி வந்தா, “எங்க போறோம், யார் சமைக்கறாங்க, எங்க தூங்கறோம்?”னு திருப்பிக் கேளுங்க. அப்படியே, கிளம்பற அன்னிக்கு ரூட்டையும் திரும்பற நேரத்தையும் வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க.